எப்போ பாடுவாங்க? – போஸ்ட் ராக், மேத் ராக் குழுக்களைத் தேடிக் கேட்கவும், அடுத்தவருக்குக் கேட்கக் கொடுக்கவும் ஒரு முழு வழிகாட்டி

கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சி மார்க்கெட்டுக்குத் தேங்காய் லோடு ஏற்றிப் போகும் பிக்கப் வண்டியில் அத்தை பையனோடு முன்சீட்டில் உட்கார்ந்திருந்தேன். விடியற்காலை நாலரை மணி இருக்கும். போனை வண்டி ஸ்பீக்கரில் இணைத்து எக்ஸ்ப்ளோஷன்ஸ் இன் தி ஸ்கை என்ற குழுவின் பாட்டைப் போட்டேன். மூன்று நிமிஷம் பொறுத்துப் பார்த்தான்.

"ஏன்டா மாப்ள, எப்பத்தான் பாடுவாங்க?"

"பாட மாட்டாங்க மச்சா. இது இப்படித்தான்."

"அப்பறம் எதுக்குடா அது பாட்டு?"

எனக்குச் சரியான பதில் வரவில்லை. குழு எந்த ஊர், ஆல்பம் எந்த வருஷம், எத்தனை கிட்டார் என்று ஒப்பிக்க ஆரம்பித்தேன். கோபாலபுரம் செக்போஸ்ட்டில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, பாட்டு பாதியில் ஓடிக்கொண்டிருக்க, அவன் டீ குடிக்க இறங்கிப் போய்விட்டான்.

பதில் அந்த வருஷப் பங்குனியில் நென்மாறா வல்லங்கி வேலையில் கிடைத்தது (வேலை என்றால் இந்தப் பக்கம் கோயில் திருவிழா). அதே அத்தை பையன், வெயிலில், கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு, செண்டை மேளத்துக்கு முன்னால் இரண்டு மணி நேரம் கையை உயர்த்தித் தாளம் போட்டபடி நிற்கிறான். அங்கே ஒருத்தரும் பாடவில்லை. எப்போ பாடுவாங்க என்று அவனும் கேட்கவில்லை.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: வார்த்தை இல்லாத நீண்ட இசையைக் கேட்கும் காது நம்ம ஊர்க்காரர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அவர்கள் எந்த வாசல் வழியாக உள்ளே வருவார்கள் என்று கண்டுபிடிப்பதுதான் பரிந்துரைக்கிறவரின் வேலை. குழுக்களின் பெயர்ப் பட்டியல் இணையத்தில் ஆயிரம் கிடைக்கும். கீழே இருப்பது வேறு.

முதல் படி: எதைத் தேடுகிறோம் என்று தெரிந்துகொள்வது

போஸ்ட் ராக் என்ற பெயரை 1994-ல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் சைமன் ரெனால்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் இசை விமர்சகர். கிட்டார், பேஸ், டிரம்ஸ் என்று ராக் இசையின் கருவிகளையே வைத்துக்கொண்டு, ராக் செய்யாத வேலையைச் செய்கிறவர்கள் என்பது அவர் சொன்னதன் சாரம். பெயர் வருவதற்கு முன்பே வழி திறந்துவிட்டது. லண்டனின் டாக் டாக் குழு 1988-லும் 1991-லும் வெளியிட்ட கடைசி இரண்டு ஆல்பங்கள், அமெரிக்காவின் லூயிவில் ஊர் இளைஞர்கள் ஸ்லின்ட் என்ற பெயரில் 1991-ல் கொடுத்த 'ஸ்பைடர்லேண்ட்', இவற்றிலிருந்துதான் பாதிப் பேர் கிளம்பினார்கள். இவற்றில் குரல் உண்டு. ஆனால் குரல் முன்னால் நிற்காது, கிட்டாரோடு கிட்டாராக ஒதுங்கியிருக்கும். அப்புறம் வந்தவர்களில் பலர் குரலையே எடுத்துவிட்டார்கள்.

இதை நம்ம ஊர்க்காரருக்குச் சொல்ல, செண்டை மேளத்தில் ஒரு வகையான பஞ்சாரி மேளத்தை விட நல்ல உதாரணம் கிடையாது. பஞ்சாரியின் முதல் காலத்தில், அதாவது முதல் கட்டத்தில், ஒரு சுற்று 96 அட்சரம் (தாள எண்ணிக்கை). அடுத்தது 48, பிறகு 24, 12, கடைசியில் 6. ஒவ்வொரு காலத்திலும் சுற்று பாதியாகச் சுருங்கச் சுருங்கச் சூடு ஏறும். முதல் காலத்தில் பொறுமையாக நின்றவனுக்குத்தான் கடைசி ஆறில் உடம்பு சிலிர்க்கும், நேராகக் கடைசிக் காலத்துக்கு வந்து சேர்ந்தவனுக்கு வெறும் சத்தம்தான். போஸ்ட் ராக்கிலும் பொறுமைக்கு அதே கூலி கிடைக்கும். ஆனால் நடக்கும் விதம் வேறு, அதையும் சொல்லிவிட வேண்டும். மேளத்தில் எண்ணிக்கை சுருங்கும். போஸ்ட் ராக்கில் பெரும்பாலும் வேகம் அப்படியே நிற்கும், மூன்று நான்கு கார்டுகள் (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம்) திரும்பத் திரும்ப வரும், அதன் மேல் அடுக்கு ஏறும். ஒரு கிட்டார் மெல்லத் தட்டிக்கொண்டிருக்கும்போது இரண்டாவது கிட்டார் எதிரொலியோடு சேரும், பேஸ் கீழே நுழையும், டிரம்ஸ்காரர் விளிம்பில் தட்டிக்கொண்டிருந்தவர் முழுக்கை போட ஆரம்பிப்பார், கடைசியில் கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடலை மிதித்ததும் சுவர் போல எழுந்து நிற்கும்.

மேத் ராக் இதற்கு ஒன்றுவிட்ட தம்பி. அங்கே விஷயம் அடுக்கு அல்ல, கணக்கு. நாலு நாலாகப் போகாமல் ஐந்து, ஏழு, ஒன்பது, பதினொன்று என்று போகும், நடுவில் சட்டென்று மாறும். இதற்கு என்று ஒரு தனிப் படி கீழே இருக்கிறது.

இரண்டாம் படி: போனையும் நேரத்தையும் சரி செய்வது

இதைச் செய்யாமல் கேட்டுவிட்டு "ஒண்ணுமே இல்லையே" என்று சொன்னவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், தப்பு அவர்கள் மேல் இல்லை. இந்த இசையின் உயிர், மெதுவான இடத்துக்கும் பலமான இடத்துக்கும் இருக்கிற தூரம். பஸ்ஸில் கேட்டால் மெதுவான இடம் முழுக்க இன்ஜின் சத்தத்தில் போய்விடும், பலமான இடம் மட்டும் மிஞ்சும். ஆப்பில் எல்லாப் பாட்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவரும் அமைப்பு ஆன் ஆகியிருந்தால் அணைத்துவிடுங்கள். ஷஃபிள் கூடாது. ஒரு பாட்டு முடியும் முன் அடுத்ததை நுழைக்கும் கிராஸ்ஃபேடும் கூடாது, ஏனென்றால் பல ஆல்பங்களில் ஒரு துண்டின் வால்தான் அடுத்ததன் தலை. சத்தத்தை ஆரம்பத்தில் கூட்டி வைக்காதீர்கள், எட்டாவது நிமிஷத்தில் காது வலிக்கும்.

நேரமும் முக்கியம். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது மொட்டை மாடியில் உட்கார்ந்து கேட்க முடியாது, காற்றே ஒரு கச்சேரி நடத்திக்கொண்டிருக்கும். எனக்குப் பிடித்தது பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு போகிற ரயில். மீனாட்சிபுரம் தாண்டியதும் போட்டால், முதலமடை ஸ்டேஷன் ஆலமரங்கள் வரும், அப்புறம் கொல்லங்கோட்டுக்குப் பக்கத்தில் மலை சட்டென்று முழு உயரத்துக்கு எழுந்து நிற்கும். காதை முழுதாக மூடும் ஹெட்போன் இருந்தால் இது நடக்கும். இல்லாவிட்டால் இரவு பத்து மணிக்கு மேல் வீடு அடங்கியதும் கேளுங்கள்.

மூன்றாம் படி: முதல் வாசல்கள்

ஒரே வாரத்தில் இருபது குழு கேட்காதீர்கள். ஒரு ஆல்பத்தோடு ஒரு வாரம் இருங்கள். என் வரிசை இது.

எக்ஸ்ப்ளோஷன்ஸ் இன் தி ஸ்கை, டெக்சாஸ் குழு, 2003-ல் வந்த 'தி எர்த் இஸ் நாட் எ கோல்ட் டெட் ப்ளேஸ்'. ஐந்தே பாட்டு, முக்கால் மணி நேரம். முதல் பாட்டு இதயத் துடிப்பு போன்ற ஒரு தட்டலில் ஆரம்பிக்கும். கிட்டார்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது பளிச்சென்று கேட்கும், அதனால் "இங்கே என்ன நடக்கிறது" என்று புதியவருக்கும் பிடிபடும். கடைசிப் பாட்டு 'யுவர் ஹேண்ட் இன் மைன்' எட்டு நிமிஷம், யாருக்காவது ஒன்றே ஒன்று கொடுக்க வேண்டுமென்றால் பெரும்பாலும் நான் கொடுப்பது இதைத்தான்.

அடுத்து மோக்வாய். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 1995-ல் ஆரம்பித்தவர்கள். 1997-ல் வந்த 'யங் டீம்' ஆல்பத்தின் கடைசிப் பாட்டு பதினாறு நிமிஷம். சில கார்டுகளை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு அதுவே பாடம்: ஏறும், அடங்கும், அடங்கிவிட்டது என்று நீங்கள் நம்பும்போது திரும்ப வெடிக்கும், நடுவில் ஒரு புல்லாங்குழல் வேறு வரும். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் வாசித்த பிறகு, 2021-ல் இவர்களுடைய ஆல்பம் பிரிட்டனில் விற்பனைப் பட்டியலின் முதலிடத்துக்கு வந்தது. இந்த மாதிரி இசையை யாரும் கேட்பதில்லை என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

கனடாவின் மாண்ட்ரியாலைச் சேர்ந்த காட்ஸ்பீட் யூ! பிளாக் எம்பரர் குழுவை மூன்றாவதாகத்தான் வைப்பேன், முதலாவதாக வைத்தால் ஆட்கள் ஓடிவிடுவார்கள். 2000-ல் வந்த இவர்களுடைய இரட்டை ஆல்பம் 87 நிமிஷம், மொத்தம் நான்கே பகுதி. வயலின், செல்லோ, இரண்டு டிரம்ஸ், தெருவில் பதிவு செய்த பேச்சுக் குரல்கள் எல்லாம் வரும். மூன்றாவது பகுதி ஒரு முதியவரின் பேச்சில் ஆரம்பிக்கிறது, தன் சின்ன வயதில் நியூயார்க்கின் கோனி ஐலண்ட் கடற்கரை எப்படி இருந்தது என்று சொல்கிறார். அதற்குப் பின்னால் மெல்ல எழும் கிட்டாரைக் கேட்கும்போது எனக்குக் கொல்லங்கோட்டுப் பெரியம்மா பழைய வீட்டைப் பற்றிப் பேசுவது போலவே இருக்கும். இதை முழுசாக ஒரே உட்காரலில் கேட்க ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கி வையுங்கள்.

டோக்கியோவின் மோனோ, 2009-ல் ஆர்கெஸ்ட்ராவோடு செய்த 'ஹிம் டு தி இம்மார்ட்டல் விண்ட்'. சினிமாப் பின்னணி இசையில் உருகுகிறவர்களுக்கு இதை விட நேரான வழி இல்லை. சிகாகோவின் டார்ட்டாய்ஸ் வேறு ரகம், அங்கே வெடிப்பு கிடையாது, வைப்ரஃபோன், மரிம்பா, பேஸ் என்று ஒரு கைவினைப் பட்டறை மாதிரி இருக்கும். 1996-ல் வந்த ஆல்பத்தின் முதல் பாட்டு கிட்டத்தட்ட 21 நிமிஷம். பாதி தாண்டியதும் சத்தம் அறுந்து அறுந்து விழும், போன் ஹேங் ஆகிவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள். அது வேண்டுமென்றே செய்தது.

பொறுமை குறைவு என்றால் அயர்லாந்தின் காட் இஸ் அன் ஆஸ்ட்ரோநாட். பாட்டுகள் ஐந்து நிமிஷத்துக்குப் பக்கத்தில் முடிந்துவிடும்.

நான்காம் படி: மேத் ராக்குக்கு விரல் விட்டு எண்ணுவது

இந்த இடத்தில் தமிழ் ஆளுக்கு இருக்கிற வசதி உலகத்தில் வேறு யாருக்கும் இல்லை என்றே நான் நம்புகிறேன். ஏழுக்குத் தகிட தகதிமி. ஐந்துக்குத் தக தகிட. ஒன்பதுக்குத் தகதிமி தக தகிட. பாட்டு வகுப்புக்குப் போகாதவர்களுக்கும் இது காதில் விழுந்திருக்கும். வெளிநாட்டில் இந்த இசையைக் கேட்கிறவர்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணித் திணறுவார்கள், நமக்குச் சொல்கட்டு இருக்கிறது.

எப்படிச் செய்வது என்றால், முதல் தடவை டிரம்ஸை விட்டுவிடுங்கள், கிட்டாரை மட்டும் பிடியுங்கள். அது ஒரு சின்னத் துணுக்கைத் திரும்பத் திரும்ப வாசிக்கும். துணுக்கின் முதல் சுரம் மறுபடி எப்போது வருகிறது என்று பாருங்கள். இரண்டு முதல் சுரங்களுக்கு நடுவே இருக்கிற மிகச் சின்னத் தட்டல்களை விரலில் எண்ணுங்கள். ஏழு வந்தால் தகிட தகதிமி சொல்லிப் பாருங்கள். பொருந்தவில்லை என்றால் தகதிமி தகிட சொல்லுங்கள், அதே ஏழுதான், அழுத்தம் இடம் மாறியிருக்கும். சரியானது எது என்று வாயே சொல்லிவிடும்.

இரண்டாவது தடவை டிரம்ஸுக்கு வாருங்கள். இங்கேதான் சுவாரசியம். பல இடங்களில் கிட்டார் ஏழில் போகும்போது டிரம்ஸ் கல்லு மாதிரி நாலிலேயே நிற்கும். ஏழும் நாலும் 28-க்கு ஒருமுறைதான் ஒன்றாக விழும். அதாவது கிட்டார் நாலு சுற்று, டிரம்ஸ் ஏழு சுற்று. அந்த 28 முடிந்து இரண்டும் ஒரே அடியில் வந்து விழும்போது உங்கள் தலை தன்னால் ஆடும். கச்சேரியில் மிருதங்கம் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில், கோர்வை முடிந்து தாளத்தின் முதல் அடியான சமத்துக்கு வரும்போது வருகிற அதே சந்தோஷம். இந்தச் சூத்திரத்தின் பழைய உதாரணம் ஒன்று வேண்டுமா, கிங் கிரிம்சன் என்ற ராக் குழு 1981-ல் வெளியிட்ட 'ஃப்ரேம் பை ஃப்ரேம்' கேளுங்கள் (குரல் உண்டு). இரண்டு கிட்டாரும் ஏழில் சேர்ந்து ஓடிக்கொண்டிருக்கும்போது ஒன்று மட்டும் இரண்டு ஏழு சேர்ந்த பதினாலில் ஒரு சுரத்தை விட்டுவிட்டு பதின்மூன்றாகப் போகும், விலகி விலகிப் போய்க் கடைசியில் திரும்பக் கைகோத்துக்கொள்ளும்.

கொல்லங்கோட்டில் எனக்குத் தெரிந்த ஒரு சேட்டன் செண்டை வாசிக்கிறவர். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, டோ என்ற டோக்கியோ குழுவின் 2005 ஆல்பத்திலிருந்து ஒரு பாட்டை அவர் காதில் வைத்தேன். கிட்டார்கள் சுத்தமான சத்தத்தில் இழையிழையாகப் போகும், கஷிகுரா தகாஷி என்ற டிரம்ஸ்காரர் அதற்குள் புகுந்து புகுந்து வருவார். சேட்டன் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு நிமிஷத்தில் வலது கை விரல்கள் டீ கிளாஸ் விளிம்பில் தட்ட ஆரம்பித்தன. பாட்டு முடிந்ததும் கிட்டாரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "எடா, ஆ இடங்கை கேட்டோ?" என்று மட்டும் கேட்டார். அந்த இடது கையின் மெல்லிய தட்டல்களை நான் நூறு தடவை கேட்டும் கவனித்ததில்லை. அதற்கு அப்புறம்தான் கவனித்தேன்.

மேத் ராக்கில் முதலில் டோ, அப்புறம் தைவானின் காவோசியுங் நகரத்து எலிஃபண்ட் ஜிம். அங்கே அண்ணன் கிட்டார், தங்கை பேஸ், பேஸ்தான் ராகம் சொல்லும். கலிஃபோர்னியாவின் கோவெட் குழுவில் இவெட் யங் சின்ன வயதில் பியானோ படித்தவர், இரண்டு கை விரல்களையும் கிட்டார் கழுத்தில் வைத்துப் பியானோ மாதிரியே தட்டுவார். நீங்கள் கிட்டார் வாசிப்பவர் என்றால் ஒரு தகவல்: மேத் ராக்கில் பலர் கம்பிகளை எஃப், ஏ, சி, ஜி, சி, இ என்று மாற்றிச் சுருதி கூட்டி வைத்திருப்பார்கள், சாதாரணச் சுருதியில் தேடினால் அந்த ஒலி கிடைக்காது. முரட்டுத்தனம் வேண்டுமென்றால் பிட்ஸ்பர்க்கின் டான் கபயேரோ, சாக்ரமெண்டோவின் ஹெல்லா. ஹெல்லாவில் ரெண்டே பேர், எட்டுப் பேர் வாசிப்பது போலிருக்கும்.

ஐந்தாம் படி: ஆப்பை விட்டு ஆளைப் பிடித்துத் தேடுவது

ஸ்ட்ரீமிங் ஆப் தருகிற "இதைக் கேட்டவர்கள் இதையும் கேட்டார்கள்" பட்டியலை முதல் மாசம் பயன்படுத்துங்கள், தப்பில்லை. ஆனால் அது அதே பத்துப் பெரிய குழுக்களைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்கும். அதற்கு மேல் போக ஆட்களைப் பின்தொடர வேண்டும். நான் நம்பும் வழி இதுதான்.

ஆல்பத்தின் பின்பக்க விவரத்தைப் படியுங்கள். யார் ஒலிப்பதிவு செய்தார் என்று பாருங்கள். ஸ்டீவ் அல்பினி என்ற ஒரே பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் எங்கெல்லாம் போகலாம் தெரியுமா? ஸ்லின்ட்டின் முதல் ஆல்பம் அவர் பதிவு செய்தது. டான் கபயேரோவின் 'அமெரிக்கன் டான்', 2000. காட்ஸ்பீட்டின் 2002 ஆல்பம். மேலே சொன்ன மோனோவின் ஆர்கெஸ்ட்ரா ஆல்பமும் அவருடையதுதான். நாலு குழுவும் நாலு விதம், ஆனால் டிரம்ஸ் அறைக்குள் உண்மையாக ஒலிப்பது போல் கேட்பது நாலிலும் பொது. 2024 மே மாதம் அவர் இறந்துபோனார், அந்த வாரம் முழுக்க நான் இந்த வரிசையைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆட்கள் குழு மாறுவதையும் பாருங்கள். ஸ்லின்ட்டின் கிட்டார்காரர் டேவிட் பாஜோ பிறகு டார்ட்டாய்ஸில் வாசித்தார். டான் கபயேரோவின் இயன் வில்லியம்ஸ் பிறகு பேட்டில்ஸ் குழுவில் வந்தார். ஒருவர் நகர்ந்த வழியில் நீங்களும் நகர்ந்தால், ஒரு சத்தம் எப்படி இன்னொரு சத்தமாக மாறியது என்று தானாகப் புரியும்.

அடுத்தது லேபிள், அதாவது ஆல்பங்களை வெளியிடும் நிறுவனம். நல்ல சின்ன லேபிள் என்பது கைராசியான விதைக்கடை மாதிரி, ஒரு பாக்கெட் முளைத்தால் அடுத்ததையும் நம்பி வாங்கலாம். மாண்ட்ரியாலின் கான்ஸ்டெலேஷன், காட்ஸ்பீட்டும் டு மேக் சே திங்க் குழுவும் அங்கேதான். டெம்பரரி ரெசிடென்ஸ், எக்ஸ்ப்ளோஷன்ஸும் மோனோவும். கனமான பக்கத்துக்கு பெர்லினின் பெலாஜிக். ஒரு லேபிளின் பக்கத்தைத் திறந்து, பெயர் தெரியாத மூன்று ஆல்பங்களை அட்டைப்படம் பார்த்தே தேர்ந்தெடுத்துக் கேளுங்கள். இந்த இசையில் அட்டைப்படம் ஓரளவு உண்மை பேசும்.

குழுக்கள் தங்கள் ஆல்பங்களை விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில், ஒரு ஆல்பத்தின் பக்கத்தில், அதை வாங்கியவர்களின் சின்னப் படங்கள் வரிசையாக இருக்கும். ஒரு படத்தைத் தொட்டால் அந்த ஆள் வாங்கிய மற்ற எல்லாம் தெரியும். உங்களுக்கு மிகப் பிடித்த, ஆனால் பிரபலமில்லாத ஒரு ஆல்பத்தில் இதைச் செய்யுங்கள். பிரபலமான ஆல்பத்தில் செய்தால் கூட்டத்தில் தொலைந்துவிடுவீர்கள். காசு கொடுத்து வாங்கியவரின் ருசியை நான் எப்போதும் கூடுதலாக நம்புகிறேன்.

நேரலைக்கு யூட்யூப் போதும். சிகாகோவின் ஆடியோட்ரீ என்ற ஸ்டூடியோ நிகழ்ச்சியில் மேத் ராக் குழுக்கள் நிறைய வந்திருக்கின்றன, விரல் எங்கே போகிறது என்று கண்ணால் பார்க்கலாம், பாதி சந்தேகம் அங்கேயே தீரும். பிரிட்டனில் ஆர்க்டேன்ஜென்ட், பெல்ஜியத்தில் டங்க் என்று இந்த வகை இசைக்கே விழாக்கள் உண்டு. போக வேண்டியதில்லை, பழைய வருஷத்துப் போஸ்டர்களைத் தேடி எடுங்கள். அடியில் பொடி எழுத்தில் இருக்கும் பெயர்களிலிருந்து கேட்க ஆரம்பியுங்கள்.

இந்தியாவிலும் ஆட்கள் இருக்கிறார்கள். குஜராத்திலிருந்து கிளம்பிய ஆஸ்வீகீப்சர்ச்சிங் 2015-ல் 'க்வாப்' ஆல்பம் கொடுத்தார்கள், கொஞ்சம் இந்திக் குரலும் வரும். பெங்களூரின் அன்டில் வீ லாஸ்ட் முழுக்க வாத்தியம்.

ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். குழு, ஊர், எப்படி வந்து சேர்ந்தேன், எந்த இடம் பிடித்தது, யாருக்குப் பொருந்தும். கடைசிக் கட்டம்தான் முக்கியம், அடுத்த படிக்கு அதுதான் சாவி.

ஆறாம் படி: அடுத்தவருக்குக் கொடுப்பது

நான் ஒரு காலத்தில் நாற்பது குழுவின் பெயரை ஒரே மெசேஜில் அனுப்பிக்கொண்டிருந்தேன். வாங்கியவர்களில் ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. நாற்பது பெயர் என்பது பரிசு அல்ல, வீட்டுப்பாடம். இப்போது ஒரு ஆளுக்கு ஒரு பாட்டு, அவ்வளவுதான். அவர் திரும்பக் கேட்டால் இரண்டாவது.

கொடுக்கும் முன் அவர் இப்போது எதைக் கேட்கிறார் என்று தெரிந்துகொள்ளுங்கள். நேரடியாக "என்ன மாதிரி மியூசிக் பிடிக்கும்" என்று கேட்டால் எல்லாரும் "எல்லாமே" என்பார்கள். ரிங்டோன் என்ன என்று பாருங்கள். பிஜிஎம் ரிங்டோன் வைத்திருக்கிற ஆள் பாதி வழி வந்துவிட்டார். இளையராஜா 1986-ல் 'ஹவ் டு நேம் இட்', 1988-ல் 'நத்திங் பட் விண்ட்' என்று பாட்டே இல்லாத இரண்டு ஆல்பம் கொடுத்து, அவற்றைத் தமிழ்நாட்டில் கேசட் தேயத் தேயக் கேட்டிருக்கிறார்கள். அப்படிக் கேட்ட ஐம்பது வயது மாமாவுக்கு நான் மோனோவைக் கொடுப்பேன், தயக்கமே இல்லை. மெட்டல் கேட்கிற பையனுக்கு ரஷ்யன் சர்க்கிள்ஸ், கிட்டார் ரீல்ஸ் பார்க்கிறவனுக்கு பாலிஃபியா. வீடியோ கேம் ஆடுகிறவர் என்றால் 65டேஸ்ஆஃப்ஸ்டாட்டிக், 2016-ல் வந்த ஒரு பெரிய விண்வெளி கேமுக்கு அவர்கள்தான் இசை. பியானோ படித்த தங்கைக்கு மவுஸ் ஆன் தி கீஸ், இரண்டு கீபோர்டும் டிரம்ஸும் மட்டும். தவில், செண்டை, மிருதங்கம், ஜமாப் அடிக்கிறவர்களுக்கு டோ.

வகையின் பெயரைச் சொல்லாதீர்கள். போஸ்ட் ராக் என்றதும் கேட்கிறவர் ஒன்று பயந்துவிடுவார், இல்லை பெயருக்கு விளக்கம் கேட்பார், பாட்டு அங்கேயே நின்றுவிடும். நான் அத்தை பையனுக்கு இரண்டாவது தடவை அனுப்பியது இது: "மச்சா, எட்டு நிமிஷம். பாட மாட்டாங்க. லோடு இறக்கிட்டு வெறும் வண்டில தனியா திரும்பி வர்றப்ப கேளு. முதல் பாதி மேளத்தோட முதல் காலம்னு நினைச்சுக்க." எவ்வளவு நேரம், எதை எதிர்பார்க்கக் கூடாது, எப்போது கேட்பது, தெரிந்த ஒன்றோடு ஒரு முடிச்சு. இந்த நாலும் இருந்தால் போதும், "வேற லெவல்" என்றெல்லாம் எழுத வேண்டாம்.

கூடவே உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்க்காதீர்கள். முகம் பார்க்கப்படுகிற ஆள் இசையைக் கேட்க மாட்டார், உங்களுக்காக முகம் வைத்துக்கொண்டிருப்பார். மறுநாள் "கேட்டியா?" என்றும் கேட்க வேண்டாம். பத்து நாள் விடுங்கள்.

"எல்லாமே ஒரே மாதிரி இருக்கு" என்று திரும்பி வந்தால் சண்டை போடாதீர்கள். அதில் நியாயம் இருக்கிறது, மெல்ல ஆரம்பித்து வெடிப்பதை மட்டுமே வாய்ப்பாடாக வைத்துக்கொண்ட குழுக்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. அந்த ஆளுக்கு வெடிப்பே இல்லாத டார்ட்டாய்ஸைக் கொடுங்கள், இல்லை கணக்குப் பக்கம் திருப்புங்கள்.

கதை பிடிக்கிறவர்களுக்கு ஒன்று தனியாக வைத்திருக்கிறேன். ஆஸ்திரேலியாவின் வீ லாஸ்ட் தி சீ. 2013-ல் அவர்களுடைய பாடகர் இறந்துபோனார். இன்னொரு பாடகரைத் தேடாமல் மீதிப் பேர் வாத்தியமாகவே தொடர்ந்தார்கள். 2015-ல் வந்த 'டிபார்ச்சர் சாங்ஸ்' ஆல்பத்தில் ஒவ்வொரு பாட்டும், அடுத்தவருக்காகவோ ஒரு பெரிய காரியத்துக்காகவோ போய்த் திரும்பி வராதவர்களைப் பற்றியது: தென்துருவப் பயணத்தில் தன்னால் மற்றவர்கள் தாமதமாகிறார்கள் என்று பனிப்புயலுக்குள் நடந்துபோன ஓட்ஸ் என்ற வீரர், 1986-ல் வெடித்த சேலஞ்சர் விண்கலம். ஒரு வார்த்தை பாடாமல் இது முழுக்கச் சொல்லப்பட்டிருக்கிறது. இதைக் கொடுக்கும்போது மட்டும் கதையை முன்கூட்டியே சொல்லிவிடுவேன். துக்கத்தில் இருக்கிறவருக்குக் கேட்காமல் அனுப்ப மாட்டேன்.

ஏழாம் படி: காசு

பிடித்தால் ஒன்றாவது வாங்குங்கள். பேண்ட்கேம்ப் டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம் எடுத்துக்கொள்கிறது, 2020-லிருந்து சில மாதங்களின் முதல் வெள்ளிக்கிழமையில் அந்தப் பங்கையும் விட்டுக்கொடுக்கிறார்கள். கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை பேங்க் ஆப்பில் ஆன் செய்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கடைசி நிமிஷத்தில் நிற்கும். பல குழுக்கள் "விரும்பிய விலை" என்று போட்டிருப்பார்கள், நூறு ரூபாய் கொடுத்தாலும் அதில் பெரும்பங்கு அவர்கள் கைக்குத்தான் போகும்.

அத்தை பையனுக்கு அனுப்பிய அந்த மெசேஜுக்குப் பன்னிரண்டு நாள் பதில் இல்லை. பதின்மூன்றாம் நாள் "இன்னொண்ணு இருந்தா அனுப்பு" என்று வந்தது, மோக்வாயின் பதினாறு நிமிஷத்தை அனுப்பினேன். போன வாரம் மறுபடி அவனோடு லோடு வண்டியில் போனேன். கோபாலபுரம் செக்போஸ்ட்டில் வண்டி நின்றது, டீக்கடையில் அடுப்பு எரிகிறது, பாட்டில் இன்னும் நாலு நிமிஷம் பாக்கி. நான் கதவைத் திறக்கப் போனேன்.

"உக்காருடா மாப்ள, முடியட்டும்" என்றான்.